சிறுத்தைப் பல்லி வளர்ப்பு: நிறவகைகளும் முட்டைப் பாதுகாப்பும்

சிறுத்தைப் பல்லி என்பது ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகிய பகுதிகளின் வறண்ட பாறை நிலங்களில் வாழும் ஒரு தரைப்பல்லி. இதன் அறிவியல் பெயர் யூபிளெஃபாரிஸ் மாகுலாரியஸ். எட்வர்ட் பிளைத் 1854-இல் இதை அறிவியல் உலகுக்கு விவரித்தார். மஞ்சள் உடலில் கரும்புள்ளிகள் நிறைந்திருப்பதால் இப்பெயர் பெற்றது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பல பத்தாண்டுகளாகக் கூண்டில் வளர்க்கப்பட்டு, பல நிறவகைகளாகப் பெருக்கப்பட்டுள்ளது. உலகில் மிகுதியாக வளர்க்கப்படும் செல்லப் பல்லிகளுள் இதுவும் ஒன்று. இந்நிறவகைகளை வளர்ப்பாளர்கள் 'மார்ஃப்' என்று அழைக்கின்றனர்.

இப்பல்லியை இனப்பெருக்கம் செய்வதில் இரண்டு கடினமான பகுதிகள் உள்ளன. ஒன்று, எந்த நிறத்தை எதனுடன் சேர்ப்பது என்னும் மரபியல் தேர்வு. மற்றொன்று, மென்மையான ஓடு கொண்ட முட்டையைக் குஞ்சு பொரியும்வரை காப்பது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் போன்ற காவிரிப் படுகை மாவட்டங்களின் வெப்பமும் ஈரமும் இப்பல்லியின் தாயகத்திலிருந்து பெரிதும் வேறுபட்டவை. ஆகவே பிற நாட்டுக் கையேடுகளில் உள்ள முறைகள் இங்கு அப்படியே பொருந்துவதில்லை.

வீட்டுப் பல்லியும் சிறுத்தைப் பல்லியும்

தமிழருக்குப் பல்லி புதியதன்று. சங்கப் பாடல்களிலேயே பல்லியின் ஒலி நிமித்தமாகக் கொள்ளப்பட்டுள்ளது. பல்லி விழும் பலனைச் சொல்லும் பகுதி இன்றும் பஞ்சாங்கங்களில் இடம்பெறுகிறது. காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லி, வெள்ளிப் பல்லி உருவங்களைத் தொட்டு வணங்குவது வழக்கம். ஆனால் சுவரில் ஊரும் வீட்டுப் பல்லிக்கும் சிறுத்தைப் பல்லிக்கும் அடிப்படை வேறுபாடுகள் உள்ளன.

வீட்டுப் பல்லியின் விரலடியில் ஒட்டும் தகடுகள் உண்டு. அதனால் அது சுவரிலும் கூரையிலும் ஏறுகிறது. சிறுத்தைப் பல்லிக்கு அத்தகடுகள் இல்லை, நகங்கள் மட்டுமே உள்ளன. அது வழுவழுப்பான கண்ணாடிச் சுவரில் ஏறாது. வீட்டுப் பல்லிக்கு மூடித் திறக்கும் இமை கிடையாது. அது கண்ணை நாக்கால் துடைத்துக்கொள்கிறது. சிறுத்தைப் பல்லிக்கு அசையும் இமை உண்டு.

முட்டையில் உள்ள வேறுபாடு வளர்ப்பவர்களுக்கு மிக முக்கியமானது. வீட்டுப் பல்லி கதவிடுக்கிலும் படத்தின் பின்னாலும் இடும் இரண்டு வெள்ளை முட்டைகள் இட்ட சிறிது நேரத்தில் இறுகிச் சுண்ணாம்பு ஓடாகிவிடும். அவற்றுக்கு வெளியிலிருந்து நீர் தேவையில்லை. சிறுத்தைப் பல்லியின் முட்டை தோல் போன்ற மெல்லோடு உடையது. சுற்றியுள்ள ஈரத்தை உறிஞ்சிப் பருத்து வளரும். ஈரம் குறைந்தால் சுருங்கும், மிகுந்தால் அழுகும். வீட்டுப் பல்லியின் முட்டை அலமாரி மூலையில் தானே பொரிவதைக் கண்டவர்கள் சிறுத்தைப் பல்லி முட்டையையும் அவ்வாறே விட்டுவிட்டால் இரண்டொரு நாளில் அது வற்றிவிடும்.

நிறம் எவ்வாறு உண்டாகிறது

பல்லியின் தோலில் மூன்று வகை நிறச் செல்கள் உள்ளன. ஒரு வகை மஞ்சள், செம்மஞ்சள் நிறங்களைத் தருகிறது. இரண்டாம் வகை மெலனின் என்னும் கருநிறமியைக் கொண்டது. மூன்றாம் வகையில் நிறமி இல்லை. அதிலுள்ள நுண்படிகங்கள் ஒளியைத் திருப்பி அனுப்பி வெண்மையும் பளபளப்பும் தருகின்றன. இம்மூன்றின் அளவும் பரவலும் மாறும்போது நிறவகைகள் தோன்றுகின்றன.

ஆல்பினோ என்னும் வெளிர்வகையில் கருநிறமி உருவாவதில்லை. இது ஒடுங்கு பண்பு. ஆல்பினோ ஆணையும் இயல்பான பெண்ணையும் சேர்த்தால் பிறக்கும் குஞ்சுகள் அனைத்தும் இயல்பான நிறத்திலேயே இருக்கும். ஆனால் ஒவ்வொன்றும் ஆல்பினோ மரபணுவை மறைவாகச் சுமந்திருக்கும். அத்தகைய இரு மறைகாவிகளைச் சேர்த்தால் சராசரியாக நான்கில் ஒரு குஞ்சு ஆல்பினோவாகப் பிறக்கும்.

ஒரு ஈட்டில் இரண்டு முட்டைகளே இருப்பதால் இந்த நான்கில் ஒன்று என்னும் கணக்கு பலரை ஏமாற்றுகிறது. இரு முட்டைகளில் குறைந்தது ஒன்றாவது ஆல்பினோவாக இருக்கும் வாய்ப்பு பதினாறில் ஏழு மட்டுமே. அதாவது பாதிக்கும் குறைவு. மேலும் அச்சேர்க்கையில் பிறக்கும் இயல்பான நிறக் குஞ்சுகளில் மூன்றில் இரண்டு மறைகாவிகள், ஒன்று மறைகாவி அன்று. கண்ணால் பார்த்து இவற்றைப் பிரிக்க முடியாது. விற்பவரின் ஏட்டுப் பதிவே சான்று. பதிவு இல்லாத இடத்தில் 'மறைகாவி' என்று கூறி அதிக விலைக்கு விற்கப்படும் குஞ்சு வெறும் இயல்புக் குஞ்சாகவும் இருக்கலாம்.

ஆல்பினோவிலும் மூன்று தனித்தனி மரபுவழிகள் உள்ளன. அவற்றை முதலில் பெருக்கியவர்களின் பெயரால் ட்ரெம்பர், பெல், ரெயின்வாட்டர் என அழைக்கின்றனர். மூன்றும் வெவ்வேறு மரபணுக்களில் ஏற்பட்ட மாற்றங்கள். ஒரு வழியின் ஆல்பினோவை மற்றொரு வழியின் ஆல்பினோவுடன் சேர்த்தால் பிறப்பவை ஆல்பினோவாக இரா. அவை இயல்பான நிறத்தில் இருந்துகொண்டு இரு மரபணுக்களையும் மறைவாகச் சுமக்கும். அவற்றின் சந்ததியில் எது எந்த வழி எனப் பிரித்தறிவது மிகக் கடினம். ஆகவே பொறுப்பான வளர்ப்பாளர்கள் இம்மூன்று வழிகளையும் கலப்பதில்லை.

மேக் ஸ்னோ என்னும் வகை வேறு முறையில் கடத்தப்படுகிறது. இது முழுமைபெறா ஓங்குத்தன்மை கொண்டது. ஒரு மரபணு இருந்தால் குஞ்சு மஞ்சள் இன்றிக் கறுப்பு வெள்ளைப் பட்டைகளுடன் பிறக்கும். இரண்டு மரபணுக்கள் இருந்தால் வெள்ளை உடலில் கருநிறப் புள்ளிகளும் முழுக்கறுப்புக் கண்களும் கொண்ட 'சூப்பர் ஸ்னோ' பிறக்கும். இரண்டு ஸ்னோ பல்லிகளைச் சேர்த்தால் சராசரியாக நான்கில் ஒன்று சூப்பர் ஸ்னோ, இரண்டு ஸ்னோ, ஒன்று இயல்பு நிறம்.

செம்மஞ்சள் நிறம் போன்றவை ஒரே மரபணுவால் வருவன அல்ல. பல தலைமுறைகள் நிறம் மிகுந்த பல்லிகளையே தேர்ந்து சேர்ப்பதால் அவை மெல்ல உருவாகின்றன. அடைகாப்பு வெப்பமும் நிறத்தை ஓரளவு மாற்றுகிறது. குறைந்த வெப்பத்தில் பொரிந்தவை சற்றுக் கருமையாகவும் மிகுந்த வெப்பத்தில் பொரிந்தவை வெளிறியும் இருப்பதுண்டு. இது மரபுவழி வருவது அன்று.

அழகுக்குக் கொடுக்கும் விலை

எல்லா நிறமாற்றமும் தோலோடு நின்றுவிடுவதில்லை. 2006 வாக்கில் பெயர்பெற்ற எனிக்மா என்னும் வகை, ஒழுங்கற்ற புள்ளிகளால் பலரைக் கவர்ந்தது. அவ்வகைப் பல்லிகள் பல ஓரிடத்திலேயே வட்டமிட்டுச் சுற்றின, தலையைச் சாய்த்துக்கொண்டன, எதிரில் உள்ள இரையைக் குறிதவறிக் கவ்வின. நரம்புக் கோளாறும் நிறமும் ஒன்றாகவே கடத்தப்படுவதால் கோளாறை நீக்கி நிறத்தை மட்டும் நிறுத்த முடியவில்லை.

லெமன் ஃப்ராஸ்ட் வகையின் கதை இன்னும் தெளிவானது. எலுமிச்சை மஞ்சளும் வெண்மையும் கலந்த இப்பல்லிகள் அமெரிக்காவில் 2010-களின் இடையில் பெருக்கப்பட்டு அதிக விலைக்கு விற்றன. சில ஆண்டுகளில் அவற்றின் தோலில் வெண்ணிறக் கட்டிகள் தோன்றத் தொடங்கின. அவை வெண்மை தரும் நிறச் செல்களிலிருந்தே எழுந்த புற்றுக் கட்டிகள். அவற்றைப் பெருக்கியவரே மாதிரிகளை அறிவியலாளர்களுக்கு அளித்தார். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தைச் சேர்ந்த லாங்ஹுவா குவோ, லியோனிட் க்ருக்லியாக் உள்ளிட்ட குழு இதை ஆராய்ந்து 2021-இல் முடிவை வெளியிட்டது. ஸ்பின்ட்1 என்னும் மரபணுவுடன் இந்த நிறமும் கட்டியும் தொடர்புடையவை என்று அது கண்டது. இவ்வகைப் பல்லிகளில் 80 விழுக்காட்டுக்கு மேற்பட்டவற்றுக்குக் கட்டி உண்டாகிறது. இதன்பின் பல வளர்ப்பாளர்கள் அவ்வகையைப் பெருக்குவதை நிறுத்தினர். ஆனாலும் விலை மலிவு என்று வாங்குவோர் இருக்கும்வரை அது சந்தையில் முற்றாக மறையாது.

புதிய நிறம் ஒன்றை வாங்கும் முன் பெற்றோர் பல்லிகள் மூன்று நான்கு வயதில் எப்படி உள்ளன என்று கேட்பது இதனால் இன்றியமையாதது. குஞ்சின் நிறம் மட்டும் எதையும் சொல்லாது.

இணைசேர்த்தலும் முட்டையிடலும்

பெண் பல்லி ஒரு வயதைக் கடந்து 45 கிராம் எடையை எட்டிய பின்பே இணைசேர்க்கப்பட வேண்டும். வாலில் கொழுப்பு தடித்திருப்பது நலத்தின் அடையாளம். ஆண் பல்லிகள் இரண்டை ஒரே கூண்டில் விட்டால் சண்டையிட்டுக் காயமடையும். ஒரு பருவத்தில் பெண் இரண்டு அல்லது மூன்று வார இடைவெளியில் பலமுறை முட்டையிடும். ஆணின் விந்தைச் சேமித்துவைக்கும் திறன் இருப்பதால் ஒருமுறை சேர்ந்த பின்பும் பல ஈடுகள் கருவுற்று வரலாம். வேறு ஆணுடன் சேர்த்து நிறவகை பெற விரும்புவோர் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

முட்டை ஓட்டுக்கும் குஞ்சின் எலும்புக்கும் தேவையான சுண்ணாம்புச் சத்து தாயின் உடலிலிருந்தே எடுக்கப்படுகிறது. உணவில் அது குறைந்தால் தாயின் தாடை மென்மையாகும், கால்கள் வளையும். இரைப்பூச்சிகளின் மேல் கால்சியம் கார்பனேட் பொடியும் வைட்டமின் டி3 பொடியும் தூவிக் கொடுப்பது வழக்கம். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. அது காரத்தன்மை உடையது, வாயையும் குடலையும் அரித்துவிடும்.

காவிரிப் படுகையில் இரைக்காக வயல் வெட்டுக்கிளிகளைப் பிடிக்கும் எண்ணம் இயல்பாக எழும். ஆனால் குறுவை, சம்பா, தாளடிப் பயிர்களுக்குப் பூச்சிமருந்து தெளிக்கப்படுகிறது. மருந்து பட்ட பூச்சியைத் தின்ற சிறு பல்லி இறக்கக்கூடும். வீட்டில் வளர்த்த சில்வண்டு, கரப்பான், மாவுப்புழு ஆகியவையே பாதுகாப்பான இரை.

முட்டையிட ஒரு மூடிய பெட்டியில் பக்கத் துளையிட்டு, ஈரமான தேங்காய் நார்த்தூளை நிரப்பிக் கூண்டில் வைக்கின்றனர். பெண் அதில் பள்ளம் தோண்டி இரண்டு முட்டைகளை இட்டு மூடிவிடும். அதன் வயிறு திடீரென ஒட்டியிருப்பதே முட்டையிட்டதன் அடையாளம். பெட்டி இல்லாவிட்டால் வறண்ட தரையில் இட்டுவிடும், முட்டை சில மணி நேரத்தில் வற்றத் தொடங்கும்.

முட்டையைக் கையாளுதல்

கிராமத்து வீடுகளில் கோழியை அடை வைப்பது அனைவரும் அறிந்த வேலை. கூடையில் வைக்கோல் பரப்பி முட்டைகளை அடுக்கி, கரித்துண்டும் காய்ந்த மிளகாயும் இரும்புத் துண்டும் போட்டுக் கோழியை அமர்த்துவார்கள். கோழி தன் அலகால் முட்டைகளை அடிக்கடி உருட்டித் திருப்பும். திருப்பாவிட்டால் கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். பொரிப்பு எந்திரங்களும் இதற்காகவே முட்டைகளைத் திருப்புகின்றன.

பல்லி முட்டைக்கு இதற்கு நேர்மாறான விதி. கோழி முட்டையில் மஞ்சள் கருவை இருபுறமும் தாங்கிப் பிடிக்கும் முறுக்கிய வெண்ணிழைகள் உண்டு. பல்லி முட்டையில் அவை இல்லை. இட்ட ஒரு நாளுக்குள் கரு முட்டையின் மேற்பகுதியில் அமர்ந்து அங்கேயே பற்றிக்கொள்ளத் தொடங்கும். அதன்பின் முட்டையைப் புரட்டினால் கருவின் சவ்வுகள் கிழியலாம், அல்லது மஞ்சள் கருவின் எடையில் கரு நசுங்கலாம். கோழி வளர்ப்பில் தேர்ந்தவர்களே பல்லி முட்டையை நல்லெண்ணத்துடன் திருப்பிக் கெடுத்துவிடுவதற்கு இதுவே காரணம்.

ஆகவே முட்டையைக் கண்டவுடன் செய்ய வேண்டியவை வருமாறு:

- எடுக்கும் முன்பே, கிடந்த நிலையில் முட்டையின் மேற்பகுதியில் மென்மையான பென்சிலால் ஒரு சிறு கோடு இட வேண்டும். மை பயன்படுத்தக் கூடாது.
- அதே நிலை மாறாமல் விரலாலோ கரண்டியாலோ அடியிலிருந்து தாங்கி எடுக்க வேண்டும்.
- இரண்டு முட்டைகள் ஒட்டியிருந்தால் பிரிக்க முயலக் கூடாது.
- அடைபெட்டியில் கோடு மேலே இருக்குமாறு, பாதி புதையும் அளவு குழியில் வைக்க வேண்டும்.
- இட்ட தேதி, பெற்றோர் விவரம் ஆகியவற்றைப் பெட்டியின் மேல் எழுத வேண்டும்.

அடைபெட்டியில் வெர்மிகுலைட் அல்லது பெர்லைட் நிரப்புகின்றனர். எடைக்கு எடை நீர் சேர்ப்பது பரவலான அளவு. கையில் பிழிந்தால் துளி சொட்டக் கூடாது, உருண்டை பிடிக்க வேண்டும். மூடியில் ஓரிரு சிறு துளைகள் போதும். மூடியில் திரளும் நீர் முட்டையின் மேல் சொட்டாதவாறு பார்த்துக்கொள்ள வேண்டும். முட்டை குழிவிழுந்தால் ஈரம் போதவில்லை என்று பொருள். அப்போது நீரைப் பெட்டியின் ஓரத்தில் விட வேண்டும், முட்டையின் மேல் விடக் கூடாது. பொரிப்பதற்கு முந்தைய சில நாட்களில் விழும் குழிவு இயல்பானது.

ஒரு வாரம் கழித்து இருட்டறையில், முட்டையை எடுக்காமலே பக்கத்தில் சிறு விளக்கை வைத்துப் பார்த்தால் கருவுற்ற முட்டையில் இளஞ்சிவப்பு ஒளியும் நுண்ணிய குருதி நாளங்களும் தெரியும். கருவுறாதது மஞ்சளாக மட்டும் தெரியும். ஐயமான முட்டையை உடனே எறிந்துவிடக் கூடாது. அழுகிச் சுருங்கி வாடை வீசும்வரை காத்திருப்பதே நல்லது.

வெப்பமும் பாலினமும்

சிறுத்தைப் பல்லியின் பாலினத்தை அடைகாப்பின் முற்பாதியில் நிலவும் வெப்பமே தீர்மானிக்கிறது. ஆய்வுகளில் கண்ட போக்கு இது:

- 26 டிகிரி செல்சியஸ்: ஏறத்தாழ அனைத்தும் பெண்.
- 30 டிகிரி: பெண் மிகுதி, சில ஆண்.
- 32.5 டிகிரி: ஆண் மிகுதி.
- 34 டிகிரி: மீண்டும் ஏறத்தாழ அனைத்தும் பெண்.

வில்லியம் கட்ஸ்கே, டேவிட் க்ரூஸ் ஆகியோர் 1988-இல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வு, மிகுந்த வெப்பத்தில் உருவான பெண்கள் ஆண்களைப்போல் முரட்டுத்தனம் காட்டுவதையும் இனப்பெருக்கத்தில் பின்தங்குவதையும் பதிவு செய்தது. எனவே 34 டிகிரியில் கிடைக்கும் பெண் குஞ்சு வளர்ப்பாளருக்குப் பயன்படாமல் போகலாம். 35 டிகிரிக்கு மேல் கரு இறக்கும் ஆபத்து கூடுகிறது. வெப்பம் குறைந்தால் பொரிக்க இரண்டு மாதத்துக்கு மேலும், கூடினால் ஐந்தாறு வாரமும் ஆகும்.

காவிரிப் படுகையில் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. குளிர் நாடுகளின் இன்குபேட்டர் அறையைவிடச் சூடாக்க மட்டுமே செய்யும், குளிர்விக்காது. தஞ்சாவூரில் கத்திரி வெயில் நாட்களில் பகல் வெப்பம் 37 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். ஓடு அல்லது கான்கிரீட் கூரையின் கீழ் மாடி அறை அதைவிடச் சூடாகலாம். முட்டையிடும் பருவமும் கோடையும் ஒன்றாகவே வருகின்றன. குளிர்விக்கும் வசதியும் கொண்ட பெட்டி இல்லாதவர்கள், கோடை முட்டைகளைத் தவிர்க்கும் வகையில் இணைசேர்ப்பைத் திட்டமிடுவதே சரி. பெட்டிக்குள் நீர் நிறைந்த பாட்டில்களை வைத்தால் மின்தடையின்போது வெப்பம் சட்டென ஏறி இறங்குவது தணியும். வெப்பமானி முட்டையின் மட்டத்தில் இருக்க வேண்டும், மூடியில் அன்று.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இடர் வேறு. காற்றில் ஈரம் மிகுந்து பூஞ்சணம் எளிதில் படரும். கெட்டுப்போனது உறுதியான முட்டையை அகற்றுவதும் பெட்டியை வாரம் ஒருமுறை திறந்து காற்றோட்டம் தருவதும் உதவும். மற்றொரு பகை எறும்பு. மெல்லோட்டைத் துளைக்கவும் பொரியும் குஞ்சைக் கடிக்கவும் செந்நிற எறும்புகளுக்குச் சில மணி நேரம் போதும். சமையலறை அலமாரிக் கால்களை நீர்க் கிண்ணத்தில் வைக்கும் பழைய முறையே அடைபெட்டி மேசைக்கும் ஏற்றது.

குஞ்சு பொரித்தல்

குஞ்சின் மூக்கு நுனியில் உள்ள முட்டைப்பல் ஓட்டைக் கிழிக்கிறது. தலை வெளியே வந்தபின் பல மணி நேரம் அது அசையாமல் இருக்கலாம். எஞ்சிய மஞ்சள் கருவை உடல் உறிஞ்சிக்கொள்ளும் நேரம் அது. இழுத்து வெளியே எடுத்தால் குருதி கசிந்து குஞ்சு இறக்கும். பொரித்த சில நாட்களில் முதல் தோலை உரித்த பின்பே அது இரை உண்ணும். ஈரத் தாளின் மேல் தனித்தனியே வைப்பது நல்லது. பட்டைகளுடன் பிறக்கும் குஞ்சு வளரும்போது பட்டை கலைந்து புள்ளிகளாக மாறும். ஆகவே பிறந்த வாரத்தில் சொல்லப்படும் நிறவகைப் பெயர் உறுதியானதன்று.

பல்லிகளின் எச்சத்தில் சால்மோனெல்லா நுண்ணுயிர் இருக்கக்கூடும். கூண்டைத் தொட்டபின் சோப்பிட்டுக் கை கழுவ வேண்டும். சிறு குழந்தைகள் கையாளக் கூடாது.

சட்டமும் காட்டுப் பல்லிகளும்

இந்தியாவிலேயே சிறுத்தைப் பல்லியின் உறவினங்கள் வாழ்கின்றன. கிழக்கு இந்தியச் சிறுத்தைப் பல்லி 1827-இல் பெயரிடப்பட்டது. சாத்பூரா மலைப் பகுதியிலிருந்து ஓர் இனம் 2014-இலும், ஒடிசா, வட ஆந்திரப் பகுதிகளிலிருந்து மற்றோர் இனம் 2022-இலும் விவரிக்கப்பட்டன. நஞ்சுடையவை என்னும் அச்சத்தால் இவை பல ஊர்களில் கொல்லப்படுகின்றன. எந்தப் பல்லிக்கும் இவ்வினத்தில் நஞ்சு இல்லை.

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பல ஊர்வனவற்றைக் காக்கிறது. 2022-இல் செய்யப்பட்ட திருத்தம், பன்னாட்டு வணிக உடன்படிக்கைப் பட்டியல்களில் உள்ள அயல்நாட்டு உயிரினங்களை வைத்திருப்போர் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. டோக்கே பல்லி 2019-இல் அவ்வுடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2023 சூலை இறுதியில் கோலாலம்பூரிலிருந்து திருச்சி விமான நிலையத்துக்கு வந்த ஒரு பயணியின் பையிலிருந்து 47 மலைப்பாம்புகளும் இரண்டு பல்லிகளும் கைப்பற்றப்பட்டன. காவிரிப் படுகைக்கு மிக அருகில் உள்ள பன்னாட்டு விமான நிலையம் அதுவே. பைக்குள் அடைத்துக் கடத்தப்படும் உயிர்களுக்கு மரபுப் பதிவும் இல்லை, நோய்ச் சோதனையும் இல்லை.

வாங்க விரும்புவோர் அந்த இனம் எந்தப் பட்டியலில் உள்ளது என்று மாவட்ட வன அலுவலகத்தில் கேட்டறிந்து, பிறப்பு, கொள்முதல் ஆவணங்களைப் பெற்றுக்கொள்ள வேண்டும். சிறுத்தைப் பல்லி நல்ல பராமரிப்பில் 15 முதல் 20 ஆண்டுகள் வாழும். குஞ்சுகளுக்கு உரிய இடம் உறுதியாகாத நிலையில் முட்டைகளை அடைவைப்பது, அவ்வளவு நீண்ட காலப் பொறுப்பை வேறொருவர் மேல் சுமத்துவதாகவே முடியும்.